அட்டையில் நான்கு பெயர்: குழுப் புராஜெக்டில் இறங்குகிறவர்களுக்கு

காசிமேட்டு மீனவக் குடும்பங்களின் சேமிப்புப் பழக்கம் பற்றி நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதிய முதுகலைப் புராஜெக்டில் 41ஆம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "மேட்டூர் அணை திறந்த பிறகுதான் இவர்கள் கையில் பணம் புழங்கத் தொடங்குகிறது." வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த வெளித்தேர்வாளர் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "காசிமேட்டுக்கு எந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது அம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களின் வரவுசெலவை முடிவுசெய்வது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. நாள்காட்டியில் இரண்டு கட்டம்தான் இடைவெளி, ஆனால் ஒன்று நெல்லுக்கு, மற்றது மீனுக்கு. அந்த அத்தியாயம் டெல்டா மாவட்டத்து விவசாயிகளைப் பற்றி யாரோ எழுதிய பழைய புராஜெக்டிலிருந்து வந்திருந்தது. "விவசாயிகள்" என்று இருந்த இடங்களிலெல்லாம் "மீனவர்கள்" என்று மாற்றியவன், அணையை மாற்ற மறந்துவிட்டான்.

நான் அந்த அத்தியாயத்தை எழுதவில்லை. "எனக்குத் தெரியாது சார்" என்றேன். "உங்கள் பெயர் அட்டையில் இருப்பது தெரியுமா?" என்றார். நால்வரும் முழு அறிக்கையையும் திரும்ப எழுதி, ஆறு மாதம் கழித்து வைவாவுக்கு நின்றோம்.

இப்போது நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். திருவொற்றியூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று வடசென்னையின் மூலைகளிலிருந்து வரும் பிள்ளைகள், பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டும் கருத்துத் திருட்டு என்ற சொல்லே சிலர் காதில் முதன்முதலாக விழுவது மாட்டிக்கொண்ட நாளில்தான். அவர்களுக்கு நான் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

கையெழுத்துப் போடப்போகும் தாளை முதல் வாரத்திலேயே படியுங்கள்

எல்லாரும் கடைசி நாளில், பைண்டிங் கடை வாசலில் நின்றுகொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்துக் கையெழுத்திடுகிறார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பாதிப்பேருக்குச் சொல்லத் தெரியாது.

அட்டைக்கு அடுத்து வருவது போனஃபைட் சான்றிதழ். உங்கள் நால்வரின் பெயரும் பதிவெண்ணும் அதில் வரிசையாக இருக்கும்; இது இவர்களுடைய சொந்தப் பணி என்று வழிகாட்டும் ஆசிரியரான கைடும் துறைத் தலைவரும் கையெழுத்திடுவார்கள். அதற்கடுத்து உறுதிமொழிப் பக்கம். இந்த அறிக்கை எங்களால் எழுதப்பட்டது, வேறெங்கும் பட்டத்துக்காகச் சமர்ப்பிக்கப்படவில்லை என்பதுபோல் வாசகம் இருக்கும். அதன் கீழே கையெழுத்திடுவது நீங்கள். இந்த இரண்டு தாளிலும் இரண்டாம் அத்தியாயம் இன்னாருடையது, நான்காம் அத்தியாயம் இன்னாருடையது என்று ஒரு சொல் கிடையாது. நீங்கள் மனதுக்குள் போட்டுவைத்திருக்கும் பாகப்பிரிவினை கல்லூரிக்குத் தெரியாது. சென்ற ஆண்டு மாதிரித் தாளைத் துறை அலுவலகத்தில் கேட்டு ஒரு நகல் எடுத்து, உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது விதி. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கல்வி நேர்மை பற்றிய ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. ஆய்வேடுகளுக்கு அது நான்கு படிகளை வைத்திருக்கிறது. பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் அளவு, அதாவது ஒற்றுமை, 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு காலம் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து.

இந்த எண்கள் எல்லா மாணவர் வாயிலும் புரளுகின்றன. ஆனால் அதே விதியில், வரையறைப் பகுதியில் இருக்கும் ஒரு வரியை யாரும் படிப்பதில்லை: அசைன்மென்ட், புராஜெக்ட் அறிக்கை, வகுப்புப் பணி, விடைத்தாள் போன்றவை அந்த விதிக்கு வெளியே. அது முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளையும், அச்சிலோ இணையத்திலோ வெளியாகும் ஆய்வுகளையும் பற்றியது. ஆகவே "பத்து விழுக்காடு வரைக்கும் காப்பி அடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் இரண்டு தவறு செய்கிறார். ஒன்று, அது அனுமதி இல்லை. தற்செயலான சின்னச் சின்ன ஒற்றுமைக்கு விட்ட இடம். இரண்டு, உங்கள் இளங்கலைப் புராஜெக்டை ஆள்வது உங்கள் கல்லூரியும் துறையும் வைத்திருக்கும் சொந்த விதி. அது இன்னும் கடுமையாகவும் இருக்கலாம், தளர்வாகவும் இருக்கலாம்.

அதனால் கைடிடம் முதல் வாரத்திலேயே மூன்றைக் கேளுங்கள். எந்த மென்பொருளில் சரிபார்ப்பார்கள், எத்தனை விழுக்காடு வரை ஏற்பார்கள்? யார் எந்த வேலையைச் செய்தார் என்று காட்டும் பங்களிப்புப் பக்கம் ஒன்றை அறிக்கையில் சேர்க்கலாமா? ஒருவர் எழுதிய பகுதியில் திருட்டு இருந்தால் மதிப்பெண் எல்லாருக்கும் போகுமா, அவருக்கு மட்டுமா? நேரில் கேட்டாலும், வீட்டுக்கு வந்து மின்னஞ்சலில் இன்னொரு முறை கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். இதைக் கேட்டால் கைடு தவறாக நினைப்பார் என்று பயப்படாதீர்கள். என்னிடம் இப்படிக் கேட்ட குழுக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குழுக்களைப் பற்றி நான் பிறகு கவலைப்பட்டதே இல்லை.

முதல் கூட்டத்தில் பேச வேண்டியது தலைப்பைப் பற்றி இல்லை

எங்கள் குழுவில் அந்த அத்தியாயத்தைக் கொண்டுவந்தவன் சோம்பேறி இல்லை. இரவு பத்து மணிக்கு மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலைக்குப் போய், காலை ஆறு மணிக்குத் திரும்பி, ஒன்பது மணி வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அப்படி. எங்களிடம் சொல்லக் கூச்சம். "நான்காம் அத்தியாயம் எனக்கு" என்று தலையாட்டியபோது அதை எழுத அவனிடம் ஒரு மணி நேரம்கூட இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நான் பார்த்த குழுத் திருட்டுகளில் கெட்ட எண்ணத்தைவிட நேரமில்லாமையும் கூச்சமும்தான் அதிகம். ஆகவே முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையாகவே தர முடியும் என்று சொல்லுங்கள். பகுதி நேர வேலை, வீட்டில் கைக்குழந்தை, மீஞ்சூரிலிருந்து வருகிற ரயில் நேரம், தடைக்காலத்தில் வீட்டில் காசு இல்லாதது, எதுவானாலும். இரண்டு மணி நேரம்தான் முடியும் என்று ஒருத்தி சொன்னால் அவளுக்கு இரண்டு மணி நேர வேலையைக் கொடுங்கள். அட்டவணை தயாரிப்பது, பேட்டி ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, படங்களுக்குத் தலைப்பிடுவது என்று நேர்மையான சிறிய வேலைகள் நிறைய உண்டு. குறைவாகச் செய்ததற்கு வாங்கும் வசவு, எடுத்து ஒட்டியதற்கு வாங்கும் தண்டனையைவிட எவ்வளவோ மேல்.

இடம் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். உங்கள் பகுதிக் கிளை நூலகம் இருக்கிறது. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கவும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யவும் வசதி உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு ஒருநாள் எல்லாரும் சேர்ந்து போனால் பாதித் துணைநூல் பட்டியல் அங்கேயே தயாராகிவிடும்.

அடுத்து என் பிடிவாதமான கருத்து ஒன்று. ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரிக்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். எல்லாரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். அத்தியாயமாகப் பிரித்த கணத்திலிருந்து அடுத்தவர் அத்தியாயத்தைப் படிக்கும் எண்ணமே வராது. அதைவிட, களப்பணிக்கு எல்லாரும் ஒரு நாளாவது போங்கள். பிறகு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எழுதுகிறவர் ஒருவர், சோதித்துப் படிக்கிறவர் இன்னொருவர் என்று இரண்டு பெயர் போடுங்கள். அ எழுதுவதை ஆ சோதிப்பார், ஆ எழுதுவதை இ, இ எழுதுவதை ஈ, ஈ எழுதுவதை அ. சுற்றி வந்துவிடும்; இரண்டு பேர் சொல்லிவைத்துக்கொண்டு ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்கவும் வழியில்லை.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டுத்தாள் போதும். இந்த அளவுக்கு இருந்தால் சரி: "எங்கிருந்து எடுத்தாலும் அன்றைக்கே மூலக் குறிப்பேட்டில் எழுதுவோம். எழுத முடியாமல் போனால் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு குழுவிடம் சொல்வோம். சோதித்துப் படிப்பவர் தேதியிட்டுக் கையெழுத்திடாத எந்தப் பகுதியும் இறுதிக் கோப்பில் சேராது. எடுத்து ஒட்டிய பகுதி தெரியவந்தால் அதை நீக்கித் திரும்ப எழுதுவோம், மறைக்க மாட்டோம்." தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவைத்தால் தேதியும் பதிவாகிவிடும்.

மூலக் குறிப்பேடு: அலுப்பான வேலை, இதுதான் காப்பாற்றும்

எதைச் சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். இராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது என்பது எல்லாருக்கும் பொதுவான செய்தி. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிற்சங்கம் 1918 ஏப்ரல் 27இல் தொடங்கியது, பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள் என்பதும் அப்படித்தான். நீங்களே உங்கள் சொற்களில் எழுதினால் யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சங்கம் ஏன் அந்த ஆண்டில், அந்த ஆலையில் பிறந்தது என்று ஒரு வரலாற்றாசிரியர் காரணம் கட்டிச் சொல்லியிருந்தால், அந்த வாதம் அவருடையது. சொல்லை எவ்வளவு மாற்றினாலும் அவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய சொற்களையே எடுத்தால் மேற்கோள்குறியும் வேண்டும், பக்க எண்ணும் வேண்டும்.

பிள்ளைகள் அடிக்கடி ஏமாறும் இடம் மொழிபெயர்ப்பு. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துப் போட்டால் மென்பொருள் பிடிக்காது, ஆகவே திருட்டில்லை என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது என்பது உண்மை. வைவாவில் எதிரே உட்காரும் ஆள் பிடிப்பார். ஒரு பத்தி முழுக்க ஆங்கில வாக்கியத்தின் எலும்பு தெரிந்தால், "இதை எங்கே படித்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. மூலத்தைச் சொல்லி "தமிழாக்கம் எங்களுடையது" என்று போட்டுவிட்டால் அதே பத்தி உங்களுக்குப் பெருமை.

படங்களும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது எடுத்த படங்கள் இணையம் முழுக்க இருக்கின்றன. சுற்றுச்சூழல் புராஜெக்ட் எது வந்தாலும் அவற்றில் இரண்டு படமாவது இருக்கும், எடுத்தவர் பெயர் மட்டும் இருக்காது. எண்ணூருக்குப் பஸ் இருக்கிறது. போய் இன்றைய கழிமுகத்தை நீங்களே எடுங்கள். அது முடியாவிட்டால் அடுத்தவர் படத்தின் கீழே அவர் பெயரை எழுதுங்கள். வினாத்தாளும் அப்படித்தான். பழைய ஆய்வொன்றில் இருந்த கேள்விகளை எடுத்துப் பயன்படுத்துவது தவறில்லை, எடுத்ததாகச் சொல்லாததுதான் தவறு.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து விஷயம் போதும்: எடுத்த தேதி, யார் எடுத்தது, எந்த நூல் அல்லது தளம், பக்கம், அப்படியே எடுத்ததா நம் சொல்லில் எழுதியதா. கடைசிக் கேள்விதான் முக்கியம். நோட்டில் எழுதிவைத்த வரி இரண்டு மாதம் கழித்து நம் சொந்த வரியாகவே தோன்றும். அப்படியே எடுத்ததைச் சிவப்பு மையில் எழுதும் பழக்கத்தை எனக்கு ஒரு நூலகர் கற்றுக்கொடுத்தார். இன்றுவரை விடவில்லை.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றியும் கேட்பீர்கள். உங்கள் கல்லூரி அனுமதிக்கிறதா என்று மேலே சொன்ன மின்னஞ்சலிலேயே நான்காவது கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள். அனுமதித்தாலும் அது தரும் துணைநூல் பட்டியலைத் தொடாதீர்கள். இல்லாத நூலுக்கு இருக்கிற ஆசிரியர் பெயரைப் போட்டுத் தரும் பழக்கம் அதற்கு உண்டு. நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத நூல் உங்கள் பட்டியலில் இருக்கக் கூடாது.

கோப்பு யாரிடம் இருக்கிறது?

ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பில், அவரவர் கணக்கில் உள்நுழைந்து எழுதுங்கள். மெனுவில் பதிப்பு வரலாறு என்று ஒன்று இருக்கிறது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் எதைச் சேர்த்தார் என்று அது காட்டும். கொஞ்சம் கொஞ்சமாக எழுதி அடித்துத் திருத்திய பத்திக்கும், இரவு 11.52க்கு ஒரே மூச்சில் வந்து விழுந்த நான்கு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே பளிச்சென்று தெரியும். ஒரே ஆளின் கைப்பேசியில் எல்லாரும் தட்டினால் இந்தப் பயன் போய்விடும். நால்வர் எழுதியதும் ஒருவர் பெயரில் பதிவாகும். வாட்ஸ்அப்பில் வேர்டு கோப்பை அனுப்பி, "இறுதி", "இறுதி 2", "உண்மையான இறுதி" என்று பெயர் வைத்துக்கொண்டு போவதும் வேண்டாம்.

மாற்றிப் படிப்பது

சமர்ப்பிக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு இது நடக்க வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாக வாசிக்க, எழுதியவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒட்டுப்போட்ட துணி கையில் தடவினால் தெரிவதுபோல், ஒட்டிய பத்தி வாயில் வந்தால் தெரியும்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், என் கண் முதலில் போவது எழுத்துருவுக்கு. சுற்றிலும் யூனிகோடு இருக்க, ஒரு பகுதி மட்டும் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ இருந்தால் அது வேறு கணினியில் வேறு காலத்தில் பிறந்தது. எழுத்துருவை மாற்றிப்பாருங்கள், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொட்டும். அடுத்தது இணையத்திலிருந்து ஒட்டியதும் கூடவே வரும் சாம்பல் நிறப் பின்னணி, நீல நிறச் சொற்கள், விக்கிப்பீடியாவின் சதுர அடைப்புக்குறி எண்கள். பிறகு சொல். நம் பிள்ளைகள் கணினி என்று எழுதுவார்கள். திடீரென்று கணனி என்று வந்தால் அந்தப் பத்தி இலங்கைப் பாடநூலிலிருந்து கடல் கடந்து வந்திருக்க வாய்ப்புண்டு. "நமது மாவட்டம்", "கடந்த ஆண்டு", "மேலே கண்ட அட்டவணை 7" என்று வந்தால் எந்த மாவட்டம், எந்த ஆண்டு, எங்கே அட்டவணை என்று கேளுங்கள். எங்கள் மேட்டூர் அணையை இந்த ஒரு கேள்வி தடுத்து நிறுத்தியிருக்கும்.

சந்தேகம் வந்தால் எழுதியவரிடம் "இதை எனக்கு விளக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். தன் வாயால் விளக்க முடிந்தால், மூலத்தைச் சேர்த்தால் போதும். முடியாவிட்டால் அந்தப் பகுதி வெளியே.

மென்பொருள் அறிக்கையைப் பற்றிச் சுருக்கமாக. அது காட்டுவது ஒற்றுமையை. திருட்டா இல்லையா என்று முடிவுசெய்வது மனிதர். மேற்கோளிட்டு ஆதாரம் காட்டியது, துணைநூல் பட்டியல், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பெயர்கள், சமன்பாடுகள் ஆகியவற்றை நீக்கிவிட்டு எண்ண வேண்டும் என்றும், தொடர்ச்சியாகப் பதினான்கு சொல் வரையிலான தற்செயல் ஒற்றுமையை விட்டுவிடலாம் என்றும் 2018 விதி சொல்கிறது. ஆகவே 22 விழுக்காடு என்றதும் நடுங்காதீர்கள். எந்த 22 என்று பாருங்கள். மாறாக 6 விழுக்காடுதான் என்று துள்ளவும் வேண்டாம். அந்த ஆறும் முடிவுரையில் ஒரே இடத்தில் இருந்தால் அது மோசம். எண்ணைக் குறைக்கச் சொல்லுக்குச் சொல் மாற்றுவது, எழுத்துகளை வெள்ளை நிறத்தில் ஒளிப்பது போன்ற வித்தைகளைச் சொல்லிக்கொடுக்கும் சீனியர் உங்கள் நண்பர் இல்லை. தெரியாமல் செய்த பிழையைத் தெரிந்தே செய்த பிழையாக மாற்றுகிற வேலை அது.

பணம் கொடுத்து புராஜெக்ட் சென்டரில் எழுதி வாங்கலாம் என்று குழுவில் யாராவது சொன்னால் அன்றே மறுத்து, மறுத்ததைக் குழுவில் எழுத்தாகப் போடுங்கள். ஐநூறு ரூபாய் பங்கு கொடுத்தவருக்கும், தெரிந்தும் சும்மா இருந்தவருக்கும் வித்தியாசம் காட்ட யாராலும் முடியாது.

சமர்ப்பிக்கும் முன்பு நண்பரின் திருட்டு தெரிந்தால்

நேராகக் கைடிடம் ஓடாதீர்கள். குழு வாட்ஸ்அப்பில் எல்லார் முன்பும் போட்டு உடைக்கவும் வேண்டாம். முதலில் அவரைத் தனியாகப் பார்த்து, எந்தப் பக்கம், எங்கிருந்து என்று காட்டுங்கள். பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் கெடு கொடுங்கள். அவரால் முடியாவிட்டால் எல்லாரும் உட்கார்ந்து அந்தப் பகுதியைத் திரும்ப எழுதுங்கள். நான்கு பக்க அத்தியாயம் மெலிந்து இரண்டு பக்கமானால் குடிமுழுகிவிடாது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கைடுக்கு எழுதுவது உங்கள் கடமையாகிறது. காட்டிக்கொடுக்கிறோமே என்று மனம் குறுகுறுக்கும். அவரிடம், நான் இப்படி எழுதப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் நடக்கவில்லை என்றாகும். கடிதத்தில் குற்றச்சாட்டு வேண்டாம்: "ஐயா, எங்கள் அறிக்கையின் 38 முதல் 42 வரையான பக்கங்களின் மூலம் எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. திருத்துவதற்குத் தங்கள் அறிவுரையும் ஒரு வார அவகாசமும் வேண்டுகிறோம்." இவ்வளவுதான். சமர்ப்பிக்கும் முன்பு இப்படி ஒரு கடிதம் வந்தால் தண்டிக்கும் ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. சமர்ப்பித்த பிறகு வரும் இதே கடிதத்துக்கு மதிப்பு பாதிதான்.

மாட்டிக்கொண்ட பிறகு

முதலில் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். எந்தப் பக்கம், எந்த மூலம் என்று தெரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். "எல்லாரும் சேர்ந்து ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடுங்கள், முடித்துவிடலாம்" என்று அலுவலகத்தில் யாராவது அன்போடு சொல்வார்கள். அந்தக் கடிதம் நால்வரும் சேர்ந்து செய்ததாக நீங்களே கொடுத்த வாக்குமூலம். அவரவர் விளக்கத்தை அவரவர் தனித்தனியாக எழுதுங்கள். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட வேண்டும், சம்பந்தப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்பு வேண்டும் என்பதை அந்த 2018 விதியே வலியுறுத்துகிறது. புராஜெக்ட் அறிக்கை அதற்குள் வராவிட்டாலும், இந்த நியாயத்தைச் சுட்டிப் பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

விளக்கத்தில் மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: நான் எழுதியது எது, நான் சோதித்துப் படித்தது எது, படிக்காமல் கையெழுத்திட்டது எது. கடைசியை எழுதக் கை வராது. ஆனாலும் எழுதுங்கள். பதிப்பு வரலாறு, மூலக் குறிப்பேடு, தேதியிட்ட ஒப்பந்தத் தாள் எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள். நால்வருக்கும் ஒரே தண்டனை என்பது பல இடங்களில் வழக்கம். அது எப்போதும் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்து ஒட்டியவரும் ஏமாந்து நம்பியவரும் ஒன்றில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தைக் காட்டும் தாள் மேசையில் இல்லாதபோது, எதிரே இருப்பவர்கள் அட்டையைத்தான் பார்ப்பார்கள். எங்களிடம் அப்படி ஒரு தாள்கூட இருக்கவில்லை.

இன்னொன்று. தப்பிப்பதற்காக மூவர் சேர்ந்து ஒருவர் மேல் எல்லாவற்றையும் சுமத்துவது சில குழுக்களில் நடக்கிறது. பெரும்பாலும் குழுவில் வாய் பேசத் தெரியாதவர்தான் அதற்கு அகப்படுவார். எங்கள் நண்பன் தானே எழுந்து, "நான்தான் சார் எடுத்தேன், இவர்களுக்குத் தெரியாது" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். படிக்காமல் கையெழுத்திட்டது எங்கள் தவறு என்று ஒருத்தியாவது சொல்லியிருக்கலாம். மறுபடி எழுதிய ஆறு மாதமும் அவன் இரவு வேலை முடிந்து நேரே நூலகத்துக்கு வந்தான். நான்காம் அத்தியாயத்துக்காக ஏலம் நடக்கும் விடியற்காலையில் நால்வரும் காசிமேட்டுக்குப் போனோம். தடைக்காலத்தில் யாரிடம், எந்த வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள் என்பதை ஓர் அம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்காமலேயே எங்களுக்குச் சொன்னார்.

ஒப்படைத்த பிறகு

கோப்பு, குறிப்பேடு, வினாத்தாள்கள் எல்லாவற்றையும் பட்டம் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த ஆண்டு ஜூனியர் வந்து "அக்கா, உங்கள் புராஜெக்டைக் கொடுங்கள், சும்மா மாதிரிக்குத்தான்" என்று கேட்பாள். துணைநூல் பட்டியலையும் வினாத்தாளையும் கொடுங்கள். அறிக்கையை உங்கள் முன்னால் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். கோப்பாகக் கொடுக்காதீர்கள், அது திருட்டில் முடிந்தால் கொடுத்தவரையும் கேட்கும் கல்லூரிகள் உண்டு.

பைண்டிங் கடைக்குப் பென்டிரைவில் கொண்டுபோனீர்கள் அல்லவா? அச்செடுக்கும்போது கடைக்காரர் வசதிக்காகக் கோப்பை டெஸ்க்டாப்பில் நகலெடுத்திருப்பார். நான் பார்த்த ஒரு கடையில் டெஸ்க்டாப் முழுக்கக் கல்லூரிப் பெயரும் ஆண்டும் போட்ட கோப்புறைகள். அட்டையில் பெயரை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் அங்கேதான் வருகிறார்கள். பணம் கொடுத்துச் சில்லறை வாங்கும் முன்பு, "அண்ணா, எங்கள் கோப்பை அழித்துவிடுங்கள்" என்று சொல்லி, குப்பைத்தொட்டியையும் காலி செய்யும்வரை அங்கேயே நில்லுங்கள்.